பார்த்ததை இன்று எழுதுங்கள், பாடத்தை அடுத்த வாரம்

ஒரே மரத்தின் ஒரே கிளையை வாரம் ஒருமுறை, 5 நிமிடம் பாருங்கள். கண்ணில் பட்டதை மட்டும் ஒரு வரியில் எழுதி, கீழே 2 வரி காலியாக விடுங்கள். அது உணர்த்தும் பாடத்தை அடுத்த வாரம், கிளையை மறுபடி பார்த்த பிறகே எழுத வேண்டும்.

உடனே பாடம் தேடினால், ‘எல்லாம் நிலையற்றது’ என்று ஏற்கெனவே தெரிந்ததையே மனம் எடுத்துக் கொடுக்கும். பொறுத்துப் பார்த்தால்தான் மரம் செய்யும் வேலை தெரியும். இலை பழுக்கும் பருவத்தில், காம்பு கிளையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். பல மரங்களில் இலை விழுமுன்பே அங்கே அடுத்த துளிருக்கான மொட்டு உட்கார்ந்திருக்கும். இலையிலிருந்த தழைச்சத்தில் (நைட்ரஜனில்) கணிசமான பங்கையும் இலை விழுவதற்குள் மரம் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும். உதிர்வை வெறும் இழப்பாக எழுத அதன்பின் கை வராது.

என்றும் பசுமையாக இருக்கும் மரங்களில் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். அவற்றுக்கு மாதம் ஒருமுறை போதும். அண்மையில் ஒருவரை இழந்தவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்காதீர்கள். அவர்களிடம் பாடம் கேட்பது கொடுமை. விரும்பினால் முதல் வரியை மட்டும் எழுதட்டும், மீதி காலியாகவே இருக்கட்டும்.