பிரித்துக் கட்டிய மலை சைக்கிளை ஓட்டிப் பார்ப்பது எப்படி

புதுசோ, பிரித்துக் கட்டியதோ, சைக்கிளை நேராக மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் தார் ரோட்டில் வேகம் பிடித்து, பிரேக்கை அழுத்தி, முழுசாக நிற்பதற்குள் விட்டு, மறுபடி வேகம் பிடித்து, இப்படி ஒவ்வொரு சக்கரத்துக்கும் 20 தடவை செய்தால்தான் டிஸ்க் பிரேக்கின் புது பேட் பழகும். இல்லையென்றால் இறக்கத்தில் சரியாகப் பிடிக்காது.

அப்புறம் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும். பை, தண்ணீரோடு ஏறி நில்லுங்கள். பின் ஷாக் மொத்தம் அமுங்கக்கூடிய அளவில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும், முன் ஃபோர்க்குக்கு 20 போதும்.

ஓட்டிப் பார்க்க நம்ம ஊர் இட்டேரியை, அதாவது இரண்டு பக்கமும் வேலி உள்ள மண் தடத்தை விட நல்ல இடம் கிடையாது. கல், மண், மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. ஒரே தடத்தில் இரண்டு மூன்று தடவை போங்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், டயர் காற்றையும் ஷாக்கையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. வேலி முள் டயரைக் குத்தும், டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் என்றால் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் உள்ளே இருக்கிறதா பாருங்கள்.

அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புது கியர் கேபிளும் தளர்ந்திருக்கும்.

கோவைக்குப் பக்கத்தில் மலையடிவார ஆனைகட்டிப் பக்கம் போனால், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள், யானை வரும்.