சிறப்பு லக்ராஞ்சியனா? கையாலேயே சோதித்துப் பார்க்கலாம்

சிறப்பு லக்ராஞ்சியன் என்பது வெளியின் பாதிப் பரிமாணத்தில், கன அளவைக் குறைக்க முடியாதபடி கிடக்கும் ஒருவகைப் பரப்பு. இந்த வடிவியலுக்குள் வருகிறவர்கள் பலர் நேராகக் காலாபி-யாவ் வெளிக்கு (சரக் கோட்பாட்டில் வரும் வளைந்த கலப்பெண் வெளி) போய், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் எடுக்க மாட்டேன். தட்டையான கலப்பெண் வெளி போதும். பகுதி வகைக்கெழுவும் அணிக்கோவையும் தெரிந்தால் சரி.

மெய்ப்பகுதிகளை மாறிகளாகக் கொண்ட ஒரு சார்பை எடுங்கள். அதன் முதல் வகைக்கெழுக்களைக் கற்பனைப் பகுதிகளின் இடத்தில் வையுங்கள். கிடைக்கும் வரைபடம் லக்ராஞ்சியன்தான்: அதன் தொடுதளத்தைக் கற்பனை அலகால் பெருக்கினால் தனக்கே செங்குத்தாகிவிடும். இரண்டாம் வகைக்கெழுக்களில் வரிசை மாறினாலும் மதிப்பு மாறாது என்பதே காரணம். இதில் சோதிக்க ஒன்றுமில்லை.

'சிறப்பு' என்பதற்குத்தான் வேலை. இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியான ஹெஸ்ஸியனைக் கற்பனை அலகால் பெருக்கி, அலகு அணியோடு கூட்டி, அணிக்கோவை காணுங்கள். அதன் கற்பனைப் பகுதி எங்கும் பூச்சியமானால் தேறியது. இரண்டு மாறிகளில் அந்தக் கற்பனைப் பகுதி வெறும் லாப்லாசியன் (ஹெஸ்ஸியனின் மூலைவிட்டக் கூட்டல்). மூன்றுக்குப் போனதும் ஆட்டம் மாறுகிறது: லாப்லாசியனும் ஹெஸ்ஸியனின் அணிக்கோவையும் சமமாக இருக்க வேண்டும். ஹெஸ்ஸியனின் ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் லாப்லாசியன், பெருக்கினால் அணிக்கோவை. அவை 2, 2, −4 என்றால் கூட்டுத்தொகை பூச்சியம், பெருக்கம் −16; தேறாது. 1, 2, 3 என்றால் கூட்டினாலும் பெருக்கினாலும் 6. தேறிவிட்டது! (பூச்சியம் வராவிட்டாலும் அணிக்கோவையின் கோணம் எங்கும் ஒன்றே என்றால் தூக்கிப் போடாதீர்கள். அது வேறொரு கோணத்துக்குச் சிறப்பு.)

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைக்கிறது? கணிதவியலாளர்கள் ஹார்வியும் லாசனும் 1982-இல் காட்டியது இது: அந்த அணிக்கோவைக்குப் பின்னால் இருக்கும் வகையீட்டு வடிவத்தின் மெய்ப்பகுதி எந்தத் துணைப்பன்மடியிலும் கன அளவைத் தாண்டாது, சிறப்பு லக்ராஞ்சியனில் மட்டும் சமமாகிறது. அந்த வடிவம் மூடியது (அதன் வெளி வகைக்கெழு பூச்சியம்) என்பதால், விளிம்பை அசைக்காமல் எப்படி வளைத்தாலும் கன அளவு குறையாது. இயற்பியலார் இதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. 1995-இல் பெக்கர் சகோதரிகள் இருவரும் ஸ்ட்ராமிஞ்சரும், சரக் கோட்பாட்டின் சவ்வுகள் ஒரு பரப்பைச் சுற்றிக்கொண்டும் மீச்சமச்சீரில் (இருவகைத் துகள்களை இணைக்கும் சமச்சீர்) ஒரு பங்கு தப்பிப் பிழைக்க இதே நிபந்தனைதான் வேண்டும் என்று கண்டார்கள்.

இப்போது காலாபி-யாவுக்குப் போகலாம், ஆனால் எண்ணிக்கையோடு. 6 மெய்ப் பரிமாணக் காலாபி-யாவில் 3 பரிமாண வளையப் பரப்பு (டோரஸ்) ஒன்று சிறப்பு லக்ராஞ்சியனாகக் கிடக்கட்டும். மெக்லீனின் தேற்றப்படி, அது சிறப்புத்தன்மை கெடாமல் நகரும் திசைகள் அதன் முதல் பெட்டி எண் (சுருக்க முடியாத தனித்தனி வளையங்களின் எண்ணிக்கை) அளவு, அதாவது 3. அதன் மேல் சுற்றிய சவ்வில் தட்டையான இணைப்பு (வளைவில்லாத ஒரு புலம்) ஒன்றை வைக்க இன்னொரு 3. மொத்தம் 6. இன்னொரு காலாபி-யாவின் பரிமாணம்! ஸ்ட்ராமிஞ்சர், யாவ், ஸாஸ்லோ மூவரும் 1996-இல் ஆடிச் சமச்சீரை (இரு வேறு காலாபி-யாவ்கள் ஒரே இயற்பியலைத் தருவதை) இந்த வழியில்தான் விளக்க முன்வந்தார்கள். அது இன்னும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை. சிக்கல் முழுக்க, காலாபி-யாவை நிரப்பும் இந்த வளையப் பரப்புகளில், அதாவது இழைகளில், சில உடைந்து கூராகும் இடங்களில்.

அந்த உடைப்பையும் கையால் பார்க்கலாம். மூன்று கலப்பெண்களை எடுங்கள். முதலாவதன் மட்டின் வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டின் மட்டு வர்க்கங்களைத் தனித்தனியே கழித்து இரண்டு மாறிலிகள். மூன்றின் பெருக்கத்தின் கற்பனைப் பகுதி மூன்றாவது மாறிலி. மாறிலிகளை எப்படி வைத்தாலும் கிடைக்கும் இழை சிறப்பு லக்ராஞ்சியன்தான். மூன்றாவதைப் பூச்சியமாக்கிவிட்டு மற்ற இரண்டை மாற்றிப் பாருங்கள்: இரண்டு கலப்பெண்கள் ஒரே நேரத்தில் பூச்சியமாகும் புள்ளி வழியே இழை போனால் அங்கேதான் உடைகிறது.