முன்தோல் இறுக்கம்: கை வைத்துக் கெடுக்கிற இடங்கள்

போன மாதம் கிளினிக்குக்குப் புதிதாக வந்த இன்டர்ன் டொக்டர் ஒருவர், நாலு வயதுப் பையனின் ஆணுறுப்பு முன்தோலை இரண்டு விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுக்கப் போனார். நான் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்தேன். "திறக்குதோ எண்டு பாக்கத்தான் சேர்" என்றார், திகைத்துப் போய். இருபது வருடத்துக்கு முன் இதே கொழும்பில் இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அன்று என் கையைப் பிடிக்க ஒருவரும் இருக்கவில்லை.

சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கண்ட மருந்தையும் பூசக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். அக்கறையுள்ள தாய்மாரும் படித்த டொக்டர்மாரும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

தோலை இழுத்துத் திறப்பது

பிறந்த ஆண் குழந்தைக்கு முன்தோல் மொட்டோடு, அதாவது ஆணுறுப்பின் நுனியோடு, ஒட்டியே இருக்கும், நகமும் சதையும் போல. அது வருத்தம் இல்லை. கருவில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே படலம். அந்தப் படலத்தின் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வருடக்கணக்கில், தானாகவே பிரிவு ஏற்படுகிறது. டக்ளஸ் கெயர்ட்னர் என்ற பிரித்தானியக் குழந்தை வைத்தியர் 1949 இல் எழுதிய கட்டுரையில், பிறந்த குழந்தைகளில் 4 வீதமானோருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னுக்குப் போகும் என்று காட்டினார். 1968 இல் டென்மார்க்கின் யாக்கோப் ஓஸ்டர் பாடசாலைப் பையன்களை வருடா வருடம் பார்த்து எழுதியது இன்னும் தெளிவானது: 6, 7 வயதில் 8 வீதத்தினருக்கு இறுக்கம் இருந்தது, 16, 17 வயதில் 1 வீதத்தினருக்குத்தான். ஏறக்குறைய எல்லோருக்கும் காலமே அதைத் திறந்துவிட்டிருக்கிறது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இன்டர்னாக இருந்தபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து காய்ச்சலோடு வந்த மூன்று வயதுப் பையனிடம் சலம் எடுக்க வேண்டியிருந்தது. சுத்தமான சாம்பிள் வேண்டும் என்று தோலை இழுத்தேன். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதோடு விடாமல், "ஒவ்வொரு நாளும் குளிக்க வாக்கேக்கை இப்பிடி இழுத்துக் கழுவுங்கோ அம்மா" என்று தாயிடம் சொல்லியும் அனுப்பினேன்.

அவர் அப்படியே செய்தார். பிள்ளை குளியலறையைக் கண்டாலே ஓடி ஒளியத் தொடங்கியதாம். இரண்டு வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, தோலின் வாயில் வெள்ளையாக, விறைத்த ஒரு வளையம். சலம் நூலாக வந்தது. கடைசியில் முன்தோலை வெட்டித்தான் எடுக்க வேண்டி வந்தது. அந்தத் தாய் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க சொன்ன மாதிரித்தான் செய்தனான் டொக்டர்" என்றார்.

நடந்தது இதுதான். பிரியாத தோலை இழுத்தால் அது கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகும். தழும்பு நீளாது, சுருங்கும். மறுநாள் திரும்ப இழுத்தால் திரும்பக் கிழியும். இயல்பாக இருந்த இறுக்கத்தை இப்படித்தான் உண்மையான வருத்தமாக ஆக்கிவிடுகிறோம். இது தெரிந்து இத்தனை காலமாகியும் இன்றும் என் மேசைக்கு முன்னால் இருக்கும் தாய்மார், "இழுத்துக் கழுவச் சொன்னவை" என்கிறார்கள். சொன்னவர் சில வேளை அம்மம்மா, சில வேளை மிஸ்ஸி (தாதி), சில வேளை டொக்டர். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. கொட்டாஞ்சேனைப் பையனின் முகமும் வருகிறது.

சின்னப் பிள்ளைக்கு வெளியே தெரிகிற இடத்தைக் கழுவினால் போதும். உள்ளே கழுவுவதற்கு உள் என்று ஓர் இடம் இன்னும் உண்டாகவில்லை. தோலை முதன்முதலில் பின்னுக்குத் தள்ள வேண்டியவர் அந்தப் பையனே, அவன் வளர்ந்து, நோகாமல்.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? தோலை மெல்ல அசைக்கும்போது வாயில் இளஞ்சிவப்பான உள்தோல் பூ மலர்வது போல விரிந்தால் அது நல்ல தோல். விரியாமல், வாய் வெளிறித் தடித்து விறைத்திருந்தால் அது தழும்பு, அல்லது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் வருத்தம். இந்த வருத்தம் ஐந்து வயதுக்கு முன் அபூர்வம். இவற்றையும், அடிக்கடி வீங்கிச் சீழ் வைப்பதையும், திரும்பத் திரும்ப வரும் சலக்கிருமித் தொற்றையும் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும். சலமே போக முடியாமல் பிள்ளை அழுதால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சலம் போகும்போது தோல் பலூன் போல ஊதுவதைக் கண்டு ஒப்பரேஷன் கேட்பது

ஊதி, பிறகு வற்றி, நோவும் இல்லை என்றால் பொறுத்திருங்கள்.

தோலுக்கடியில் தெரியும் வெள்ளை உருண்டையைச் சீழ் என்று பிதுக்குவது

அவை உதிர்ந்த கலங்கள். தானாக வெளியே வரும்.

டெட்டோல்

வேண்டாம். தண்ணீர் போதும்.

கிறீமை ஒரு கிழமையில் நிறுத்துவது

உண்மையான இறுக்கம் என்று டொக்டர் உறுதி செய்தால், முதலில் கொடுப்பது பெரும்பாலும் பீற்றாமெதசோன் போன்ற ஸ்ரெரோயிட் கிறீம். ஒரு நாளைக்கு இரண்டு தரம், நாலு முதல் எட்டுக் கிழமை. அநேகமான பையன்களுக்கு இதோடு சரிவரும். பலர் இதை மொட்டு முழுக்க அப்புகிறார்கள். பூச வேண்டியது இறுகிய வளையத்தில் மட்டும், மெல்லிய படையாக. பூசியபின் நோகாத அளவுக்குத் தோலை மெல்ல அசைக்க வேண்டும். நொந்தால் அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும். ஏழாம் நாள் "ஒண்டும் நடக்கேல்லை" என்று ரியூப்பை எறிந்துவிட்டு வருகிறவர்களை அதே ரியூப்போடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், பிறகு ஒப்பரேஷன் தேவைப்படவில்லை. தழும்பு முற்றிப்போனவர்களுக்குத்தான் கிறீம் கைகொடுக்காது. அவர்களிலும் சிலருக்குத் தோலை வெட்டி எடுக்காமல், வாயை மட்டும் அகலமாக்கித் தைக்கும் சிறிய சத்திரசிகிச்சை போதும்.

பெரியவருக்கு இறுகினால் சீனி பார்க்காமல் விடுவது

இது மிக முக்கியம். இவ்வளவு காலமும் பிரச்சினை இல்லாமல் இருந்த தோல் நாற்பது, ஐம்பது வயதில் இறுகத் தொடங்கினால், விளிம்பில் வெடிப்பும் சொறியும் வந்தால், முதலில் நீரிழிவைச் சந்தேகப்பட வேண்டும். சலத்தில் சீனி போனால் பங்கசு அங்கே வளரும். அழற்சி திரும்பத் திரும்ப வந்து தோல் தழும்பாகும். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வெட்கத்தில் பாமசியில் கேட்டு மூன்று ரியூப் பங்கசுக் கிறீம் வாங்கிப் பூசி முடித்த பிறகுதான் என்னிடம் வந்தார். வெறும் வயிற்றுச் சீனி 126 mg/dL இலேயே நீரிழிவு என்கிறோம். அவருக்கு 240. ஏற்கெனவே நீரிழிவுக்கு எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இது வரலாம், அவை சீனியைச் சலத்தால் வெளியேற்றுபவை. குளிசையைத் தாமாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இறுகிய தோலுக்குள் கட்டி, ஆறாத புண், ரத்தம், கெட்ட மணம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். நீண்டகால இறுக்கம் ஆணுறுப்புப் புற்றுநோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்று. அது அபூர்வமானது, ஆனால் தோலுக்குள் ஒளிந்திருந்து பிந்தித்தான் கண்ணில் படும்.

பின்னுக்குத் தள்ளிய தோலைத் திருப்பி விட மறப்பது

வார்ட்டில் கதீற்றர் (சலம் எடுக்கும் குழாய்) போடும் புதிய டொக்டர்மாருக்கும் மிஸ்ஸிமாருக்கும் இதைச் சொல்கிறேன். கதீற்றர் போட்டவுடன் தோலை முன்னுக்குக் கொண்டு வந்து விட்டுத்தான் கையுறையைக் கழற்றுங்கள். பின்னுக்கே இருக்க விட்டால் இறுகிய வளையம் மொட்டின் கழுத்தை நெரிக்கும், மொட்டு வீங்கும், வீங்க வீங்கத் தோல் திரும்பி வராது. வீட்டில் நடந்தாலும் இதே கதைதான். சில மணித்தியாலத்துக்குள் வந்தால் வீக்கத்தைக் கையால் அழுத்தி வற்றவைத்துத் தோலை முன்னுக்கு எடுத்துவிடலாம். விடியட்டும் என்று இருந்தால் தோலைக் கீறித்தான் விடுவிக்க வேண்டும், ரத்தோட்டம் நின்றால் மொட்டே கறுத்துவிடும்.

சலவாசல் நுனியில் இல்லாமல் கீழே இருக்கும் பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்வது

செய்யாதீர்கள். அந்த வாசலைச் சீராக்க அந்தத் தோல்தான் தேவைப்படும்.

கலியாணத்துக்கு முதல் கிழமை வருவது

வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து, கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்த மாப்பிள்ளை ஒருவர், கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒப்பரேஷன் கேட்டு வந்தார். இருபது வயதிலிருந்தே தெரியுமாம், சொல்ல வெட்கமாம். வெட்டினால் காயம் ஆற நாலு முதல் ஆறு கிழமை உடலுறவைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னேன். தோலைப் பார்த்தேன்; தழும்பு இல்லை, மென்மையாகத்தான் இருந்தது. கிறீம் எழுதிக் கொடுத்து, வரப்போகும் மனைவியிடமும் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். கலியாணம் குறித்த நாளில் நடந்தது. இரண்டு மாதம் கழித்து டொரன்டோவிலிருந்து கோல் எடுத்து, கிறீமை இனி நிறுத்தலாமா என்று கேட்டார்.