டீயின் நன்மை கெடாமல் போட்டுக் குடிப்பது எப்படி

பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. தினமும் 2 கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. டீதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் டீ என்றாலே உடம்புக்குக் கெடுதல் என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். கெடுவதெல்லாம் நாம் போடும் விதத்திலும் குடிக்கும் நேரத்திலும்தான்.

முதலில் தூளைச் சோதியுங்கள். வடிதாளில் ஒரு சிட்டிகை பரப்பி, தாள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். பிறகு தாளைக் குழாயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நல்ல தூளில் கறை நிற்காது. தெளித்த உடனே சாயம் பரவினால் அது கலப்படத் தூள்.

இரண்டு பேருக்கு 250 மி.லி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். இஞ்சி வேண்டுமென்றால் நசுக்கி இந்தத் தண்ணீரிலேயே போட்டு 2 நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை இஞ்சியில் உள்ள ஒரு நொதி பால் புரதத்தைச் சிதைக்கும். அதை நேராகச் சூடான பாலில் போட்டால் பால் திரிவது அதனால்தான். கொதிநீரில் அந்த நொதி செத்துவிடும். அடுப்பை அணைத்து, 2 டீஸ்பூன் தூள் போட்டு மூடுங்கள். டஸ்ட் டீ பொடியாக இருப்பதால் 2 நிமிடத்தில் சாறு இறங்கிவிடும்; நீலகிரி இலை டீக்கு 4 நிமிடம் வேண்டும். வடிகட்டிய பிறகு, தனியாகக் காய்ச்சிய பால் 100 மி.லி. சேர்த்தால் போதும்.

தூளைப் பாலோடு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும். அதை மறைக்க இன்னொரு ஸ்பூன் சர்க்கரை விழும். ஒரு டம்ளருக்கு 2 ஸ்பூன் என்று நாளைக்கு 4 டம்ளர் குடித்தாலே சர்க்கரை 30 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கெட்ட பெயர் டீக்கு, வேலை செய்வது சர்க்கரை!

நேரம்தான் முக்கியம். டீயின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆகவே இட்லி சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். கர்ப்பிணிகள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆவி பறக்க, வாய் பொசுங்க உறிஞ்சாதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். ஆற்றிக் குடியுங்கள். தூக்கம் வராதவர்கள் மாலை 4 மணிக்குள் கடைசி டம்ளரை முடித்துக்கொள்ளட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் டீயோடு விழுங்காதீர்கள். அவற்றுக்கு வெறும் தண்ணீர்தான்.