உயிர்த்தொழினுட்பச் செய்தியை வகுப்பறைக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தர உயிரியலில் மீள்சேர்க்கை டி.என்.ஏ. தொழினுட்பம் (ஓர் உயிரின் டி.என்.ஏ. துண்டை இன்னொன்றோடு சேர்க்கும் முறை) படிப்பிக்கத் தொடங்கினால், செய்திகளைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள். "சேர், சலரோகத்துக்கு நிரந்தர மருந்து கண்டுபிடிச்சிட்டினமாம்." "மிஸ், அழிஞ்சுபோன ஓநாயைத் திருப்பி உருவாக்கிட்டினமாம், உண்மையே?" வட்ஸ்அப்பில் வந்தது, யூரியூப்பில் பார்த்தது, பேப்பரின் உள்பக்கத்தில் வாசித்தது. அந்த ஆவல் அருமையானது. அதை நாங்கள் எடுத்தாளும் விதத்தில்தான் பிழைகள் நேர்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, "உண்மையே?" என்ற கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்துவிடுவது. பிள்ளை தீர்ப்பை வாங்கிக்கொண்டு போகும். அடுத்த செய்திக்கும் எங்களிடமே வரவேண்டியிருக்கும். உயிர்த்தொழினுட்பச் செய்திகளில் பெரும்பாலானவை முழுப் பொய்யும் அல்ல, முடிந்த காரியமும் அல்ல; நீண்ட பாதையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கும் வேலைகள். ஆகவே திருப்பிக் கேட்கவேண்டிய கேள்வி: "இது இப்ப எந்தப் படியில நிக்குது?" வளர்ப்பூடகத்தில் உள்ள கலங்களிலா, சுண்டெலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால், ஒரு சிலரில் பாதுகாப்பைப் பார்க்கும் முதற் கட்டமா, பெருந்தொகையானோரை இரு குழுக்களாக்கி ஒப்பிடும் மூன்றாம் கட்டமா? அனுமதி கிடைத்ததா? எந்த நாட்டில்? மனிதப் பரிசோதனைக்குள் நுழையும் மருந்துகளிலேயே ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. எலியோடு நின்றுபோனவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்தப் படிகளை ஒரு பிறிஸ்ரல் போட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செய்தி கொண்டுவரும் பிள்ளை, அது எந்தப் படி என்று தானே எழுந்து காட்டட்டும்.

ஓநாய்ச் செய்தியையே எடுப்போம். 10,000 ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இல்லாத டயர் ஓநாய் திரும்ப வந்துவிட்டது என்று 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்கக் கொம்பனி அறிவித்தது. செய்த வேலை இது: 13,000 ஆண்டுப் பழைய ஒரு பல்லிலும் 72,000 ஆண்டுப் பழைய ஒரு மண்டையோட்டிலும் இருந்த டி.என்.ஏ.யை வாசித்தார்கள், அதைப் பார்த்து, இன்றைய சாம்பல் ஓநாயின் கலங்களில் 14 பரம்பரையலகுகளில் (ஜீன் அல்லது மரபணு என்பதும் இதுதான்) 20 மாற்றங்களைச் செய்தார்கள், நாய்களை வாடகைத் தாய்களாக்கி மூன்று குட்டிகளைப் பெற்றார்கள். குட்டிகள் பிறந்ததும் மாற்றங்கள் செய்யப்பட்டதும் நடந்த காரியங்கள். அவை டயர் ஓநாய்கள் என்பது கொம்பனியின் உரிமைகோரல். மாணவர்களிடம் இரண்டு நிறப் பேனாக்களைக் கொடுத்து, நடந்ததை ஒரு நிறத்திலும் உரிமைகோரலை மற்ற நிறத்திலும் கோடிடச் சொல்லுங்கள். ஓநாயின் டி.என்.ஏ.யில் 200 கோடிக்கு மேற்பட்ட மூலச்சோடிகள், அதாவது டி.என்.ஏ.யின் எழுத்துகள், உண்டு என்பதைச் சொல்லி, 20 மாற்றங்கள் அதில் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்க்கவும் விடலாம். அதற்குப் பிறகு ஆசிரியர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லாமற் போகும்.

அடுத்தது, நுட்பங்களைப் பிரித்துக் காட்டாமலே செய்திக்குள் இறங்குவது. எங்கள் ஊரில் இழைய வளர்ப்பு வாழையையும் கலப்பினப் பப்பாசியையும் "எல்லாம் ஜீன் மாத்தினது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளையும் இதைச் சொல்லும். இழைய வளர்ப்பு வாழை, தாய்த்தாவரத்தின் சிறு இழையத் துண்டைப் போசணை ஊடகத்தில் பெருக்கி எடுத்தது. வேறு உயிரின் பரம்பரையலகு எதுவும் அதற்குள் புகவில்லை. பப்பாசி இன்னும் நல்ல பாடம். இங்கே பலர் நடுகிற ரெட் லேடி, தாய்வானில் இரண்டு பப்பாசி வகைகளைக் கலந்து உருவாக்கிய எஃப் 1, அதாவது முதற் தலைமுறை, கலப்பினம். பப்பாசியைத் தாக்கும் வளையப்புள்ளி வைரசை அது ஓரளவு தாங்குவது இனவிருத்தியால் வந்த குணம். அதே வைரசு ஹவாய்த் தோட்டங்களை அழித்தபோது, வைரசின் புற உறைப் புரதத்துக்கான பரம்பரையலகையே பப்பாசிக்குள் செலுத்தி ரெயின்போ என்ற வகையை உருவாக்கினார்கள்; 1998இல் அது விவசாயிகளுக்குக் கிடைத்தது. ஒரே பழம், ஒரே வைரசு, இரண்டு வெவ்வேறு வழிகள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பித்தால், "ஜீன் மாத்தினது" என்ற சொல்லை மாணவர் பிறகு கவனமாகத்தான் எடுப்பார்கள்.

நுளம்பிலும் இதே குழப்பம் உண்டு. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குப் பேச்சு எழும். கூடவே "ஆய்வுகூட நுளம்பு" பற்றிய பயமும் எழும். வொல்பேக்கியா நுளம்பு மரபணு மாற்றப்பட்டது அல்ல. பல பூச்சிகளில் இயல்பாக வாழும் வொல்பேக்கியா என்ற பக்றீரியாவை, டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புக்குள் குடியேற்றினால், டெங்கு வைரசு அதற்குள் பெருகுவது கடினமாகிறது. 2020இல் கொழும்பிலும் நுகேகொடையிலும் இவற்றை விட்டுப் பார்த்தார்கள். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. ஒக்சிரெக் கொம்பனி 2021இல் புளோரிடாவில் விட்டவைதான் மரபணு மாற்றிய நுளம்புகள். இரண்டும் வேறு.

பட்டிமன்றத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் எதையும் இரண்டு அணியாகப் பிரித்துப் பேசவைப்பது நல்ல பழக்கம்தான். மேடைக்கூச்சம் போகும், தமிழ் வளரும். ஆனால் "மரபணு மாற்றப் பயிர் நன்மையா தீமையா" என்று தலைப்புக் கொடுத்தால், பிள்ளை தன் அணிக்கு வேண்டிய சான்றை மட்டும் பொறுக்கப் பழகும். நாங்கள் பழக்க விரும்புவது அதற்கு நேரெதிரானது. தலைப்பை ஒடுக்கிக் கொடுங்கள். பிலிப்பைன்சு 2021இல் பொன்னரிசியை (விற்றமின் ஏ தருவதற்காக மரபணு மாற்றிய நெல்லை) வணிக ரீதியில் பயிரிட அனுமதித்தது. 2024இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. ஆய்வுகள் எதைக் காட்டின, நீதிமன்றம் எந்தக் கவலையை எழுப்பியது, இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனவா? இதற்கு எல்லா மாணவரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்துதான் விடை தேடவேண்டும்.

எண்களை அப்படியே எழுதிக்கொள்ளவிடுவதும் பிழை. கொரோனாக் காலத்தில் பைசர் தடுப்பூசி 95 சதவீதம் பயன் தரும் என்று எல்லோரும் கேள்விப்பட்டோம். அதன் பொருளைக் கேட்டால், "நூறு பேருக்கு ஊசி போட்டா அஞ்சு பேருக்கு வரும்" என்பார்கள். பரிசோதனையில் ஏறத்தாழ 43,000 பேர் இரண்டு சம குழுக்களாக இருந்தனர். ஊசி போட்ட குழுவில் 8 பேருக்கும் போலி ஊசி போட்ட குழுவில் 162 பேருக்கும் நோய் வந்தது. 8ஐ 162ஆல் வகுத்துப் பார்க்கட்டும்: ஏறத்தாழ 5 சதவீதம், அதாவது நோய் 95 சதவீதம் குறைவு. 95 எங்கிருந்து வந்தது என்று கரும்பலகையிலேயே தெரிந்துவிடும். "எத்தனை பேரில்? எதோடு ஒப்பிட்டு?" என்ற இரண்டு கேள்விகள் அதிலிருந்து தாமாகவே பிறக்கும்.

மூல ஆய்வு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதால் அதைத் தொடாமலே விடும் ஆசிரியர்களும் உண்டு. முழுக் கட்டுரையையும் வாசிக்கத் தேவையில்லை. சுருக்கத்தில் நாலு விடயம் தேடினால் போதும்: யார் செய்தது, எந்த உயிரில், எத்தனையில், யார் பணம் கொடுத்தது. முன்பதிப்பாக மட்டும் வெளிவந்ததா, வேறு ஆய்வாளர்கள் மதிப்பிட்ட பிறகு வந்ததா என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். பதினேழு வயதுப் பிள்ளையால் இது முடியும். கொஞ்சம் துணைதான் வேண்டும்.

இவ்வளவும் படிப்பித்த பிறகு வரக்கூடிய பிழை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழகிய பிள்ளை, "எல்லாம் கொம்பனிக்காரர்ட ஏமாத்து" என்று புத்தகத்தை மூடிவிடும். அதுவும் யோசிக்காமல் எடுத்த தீர்ப்புத்தான். அதனால் நிலைத்துநின்ற செய்தி ஒன்றையும் முழுமையாகக் காட்டவேண்டும். டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் கிறிஸ்பர் முறை 2012இல் வெளியானது. 2020இல் அதற்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. 2023 நவம்பரில் இந்த முறையால் செய்யும் கஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு, தலசீமியா போன்ற பரம்பரைக் குருதி நோய்களுக்காக, பிரித்தானியா அனுமதி கொடுத்தது. தலசீமியா இலங்கையிலும் உள்ள நோய் என்பதால் மாணவர்கள் இதை உற்றுக் கேட்பார்கள். வெளியான ஆய்வில் 52 தலசீமியா நோயாளருக்குச் சிகிச்சை கொடுத்து, போதிய காலம் கண்காணிக்கப்பட்டிருந்த 35 பேரில் 32 பேருக்குக் குருதி ஏற்றும் தேவை இல்லாமற்போனது.

இங்கேயும் நுணுக்கம் உண்டு. பழுதான பரம்பரையலகைத் திருத்திவிட்டார்கள் என்று பல செய்திகள் எழுதின. உண்மையில் நோயாளியின் சொந்தக் குருத்துக்கலங்களை (குருதிக்கலங்களை உருவாக்கும் மூலக்கலங்களை) எடுத்து, பி.சி.எல்.11ஏ என்ற வேறொரு பரம்பரையலகின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டுகிறார்கள்; அதனால் கருவில் இருந்தபோது உருவான ஈமோகுளோபின் மறுபடி உருவாகிறது. பழுது அங்கேயே இருக்கிறது. அந்தக் கலங்களைத் திருப்பிச் செலுத்த முன், கடுமையான மருந்து கொடுத்து என்புமச்சையை வெறுமையாக்கவேண்டும். அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர். "எங்கட நாட்டுக்கு எப்ப வரும்?" என்று யாராவது கேட்பார்கள். சுவரில் ஒட்டிய படிகளில் அனுமதிக்குப் பிறகும் படிகள் வேண்டும் என்று அப்போது வகுப்புக்கே விளங்கும்.

கடைசியாக, செய்தியை ஒரு பாடவேளையில் முடித்துவிடுவது. 2014 ஜனவரியில் ஜப்பானிய ஆய்வாளர்கள், சாதாரண கலங்களை அமிலத்தில் நனைத்தாலே, எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய குருத்துக்கலங்களாக மாறும் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். யூலையில் அந்தக் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. ஜனவரியில் படிப்பித்துவிட்டு மறந்த வகுப்புக்குப் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். ஆளுக்கொரு செய்தியைக் கொடுத்து ஒரு தவணை முழுவதும் பின்தொடரச் சொல்லுங்கள். கொப்பியில் ஐந்து நிரல்கள் போதும்: திகதி, செய்தி, மூலம், படி, அடுத்துப் பார்க்கும் நாள். "சோதினைக்கு வராது" என்று பெற்றோர் சொன்னால், ஆய்வு வடிவமைப்பையும் கட்டுப்பாட்டுக் குழுவையும் இதிலிருந்தே படிப்பிக்கிறோம் என்று காட்டலாம். புள்ளி போடும்போது முதற் பதிவுக்குப் பத்தில் இரண்டு போதும். மிகுதி எட்டையும் மூன்று மாதம் கழித்து எழுதும் பதிவுக்கு ஒதுக்குங்கள்: என்ன மாறியது, எது மாறவில்லை, தான் முதலில் எழுதியதில் எதை இப்போது திருத்துகிறார் என்பதற்கு.