யூத வழிபாட்டு நூலைப் பதிப்பிக்கும் முறை

யூத வழிபாட்டு நூல் ஒன்றைப் பதிப்பிக்க முற்படுபவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, எந்த மரபினருக்காக அதைப் பதிப்பிக்கிறோம் என்பதையே. அஷ்கெனாசி (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா), செபார்தி (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்தது), யெமன் மரபுகளின் பாடங்கள், அதாவது செப வாசகங்கள், வேறுபடும். அவ்வேறுபாடுகளைப் பிழையெனக் கருதி ஒன்றாக்கிவிட்டால், எந்தச் சபையிலும் வழங்காத ஒரு நூலே மிஞ்சும்.

அடுத்து மூலங்களைத் திரட்டி ஒப்புநோக்க வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் சூரா கல்விக்கூடத்துக்குத் தலைவராயிருந்த ரபி அம்ராம், ஸ்பெயின் யூதர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதியனுப்பிய வழிபாட்டு ஒழுங்கு தவிர்க்க முடியாத மூலம். எனினும் அதைப் படியெடுத்தவர்கள் செபங்களின் வாசகத்தைத் தத்தம் ஊர் வழக்கத்துக்கேற்ப மாற்றியிருப்பதால், அவருடைய சட்ட விளக்கங்கள்மீது வைக்கும் நம்பிக்கையைச் செப வாசகத்தின்மீதும் அப்படியே வைத்துவிடலாகாது. இறைவனின் பெயர் எழுதிய தாள்களை எறியக் கூடாதென்பதால் கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் சேர்ந்து கிடந்து, 1896-97இல் அறிஞர் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசேர்த்த ஏடுகளில், பழைய பாலஸ்தீன மரபின் செபங்களும் கிடைக்கின்றன. அவற்றைப் பின்னிணைப்பில் காட்டலாமேயன்றி, இன்றைய சபையின் பாடத்துக்குள் நுழைக்கக் கூடாது.

மிகுந்த பொறுமை வேண்டுவது, எபிரேய எழுத்துகளோடு உயிரொலியைக் காட்ட இடும் உயிர்க்குறிகளில்தான். மழைக்காலச் செபத்தில் மழையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துக்குக் கீழே மூன்று புள்ளிகள் இட்டால் 'கெஷெம்'. சிறு கோட்டின்கீழ் ஒரு கீற்று இட்டால் 'காஷெம்'. பின்னது வாக்கியம் அங்கே முடிவதை உணர்த்தும் வடிவம். ஆகவே குறியைத் தேர்ந்தெடுப்பவர் நிறுத்தத்தையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார். உயிர்களைப் பேணுபவர் என்ற தொடர் உடனே பின்வருவதால் நான் 'கெஷெம்' என்பதையே ஏற்பேன். மற்றதையும் அடிக்குறிப்பில் தருவதே நேர்மை.

தணிக்கைக்கு உள்ளான இடங்களைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். வழிபாட்டின் இறுதியில் சொல்லும் 'அலேனு' செபத்தில், பிறர் வெறுமையை வணங்குகிறார்கள் எனும் வரியைச் சொல்லக் கூடாதென்று 1703இல் பிரஷ்ய அரசு ஆணையிட்டது. அவ்வரி இல்லாத அச்சுப்படியைக் கண்டால், படியெடுத்தவரின் கவனக்குறைவு என்று முடிவுகட்டாமல், அது அச்சான ஊரையும் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

முன்னோர் பதிப்புகளைப் பொறுத்தவரை, அறிஞர் செலிக்மன் பேயர் 1868இல் ஜெர்மனியின் ரோடெல்ஹைமில் வெளியிட்ட வழிபாட்டு நூலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1890இல் சிமியோன் சிங்கர் இங்கிலாந்துச் சபைகளுக்காகத் தொகுத்த நூலும் அந்தப் பாடத்தையே பின்பற்றியது. அச்சுக்கு அனுப்புமுன், சபையார் சேர்ந்து மறுமொழி கூறும் வரிகள் தாளைப் புரட்டும் இடத்தில் முறியாதபடி பக்கங்களை அமைத்துவிட வேண்டும்.