வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போக

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா? காலையில் காலி வீதி பஸ்ஸை நம்பாதீர்கள். ஸ்டேஷன் ரோட்டால் கடல் பக்கம் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்தால் ஸ்டேஷன். இருபது வருடமாக நான் இப்படித்தான் போகிறேன்.

கவுண்டரில் "கோட்டை, மூன்றாம் வகுப்பு" என்றால் போதும். எந்த மேடை என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். எல்லா ரயிலும் இங்கே நிற்காது. டிக்கெட் பத்திரம், இறங்கி வெளியேறும்போது கேட்பார்கள். நான் கைக்கடிகாரப் பட்டிக்குள் செருகிவிடுவேன்.

இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். ஆனி, ஆடியில் அலை பொங்கினால் முகத்தில் ஈரக்காற்று அடித்து உதட்டில் உப்புக் கரிக்கும். அப்புறம் கொம்பனித்தெரு, செயலகம், கோட்டை.

கோட்டை நிலையம் 1917இல் திறந்தது. 1956இல் யாழ்ப்பாண ரயிலான யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் இங்கிருந்துதான். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் பயணம் 2014இல்தான் திரும்ப வந்தது. யாழ்ப்பாண ரயிலுக்கான அறிவிப்பைத் தமிழில் கேட்டால், எவ்வளவு அவசரமென்றாலும் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

வாசலில், பௌத்தக் கல்விக்கு உழைத்த அமெரிக்கர் ஒல்கொட்டின் சிலை. வீதியைக் கடந்தால் புறக்கோட்டை. சரி, திரும்பும்போது ஐந்து மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். கந்தோர் விட்ட நெரிசலில் துணிப்பொதியோடு நிற்பது பெரிய கஷ்டம்.